ரிலீஸ் பத்திரம்

"இன்னிக்கு நீ என்கூட வெள்ளிமலைக்கு வர... அவ்ளோதான்!"

இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த கலையரசி திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் தமிழழகன் எதையும் கேட்கிற மாதிரி ஆரம்பித்து உத்தரவில் கொண்டுபோய் முடிப்பான். அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டைப் போட ஆரம்பித்த பிறகு ஆரம்பமே உத்தரவுதான். முதுகில் இரண்டு முஷ்டிகள் மோதிக்கொள்கிற படம். அதற்குக் கீழே இங்கிலீஷில் 'மாவட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று எழுத்து. சென்னையில் எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டை நடத்துகிற கம்பெனி கொடுத்தது. கள்ளக்குறிச்சி பக்கம் நன்றாகச் சண்டை போடுகிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது அவன் வேலை.

"நான் எதுக்குங்க அங்க?"

"கண்ணகின்னு ஒரு பொண்ணு. இருவது வயசு. அடிச்சா கல்லு ஒடையும்! கம்பெனி எடுக்க ரெடியா கீது. அவங்கம்மாதான் மொரண்டு புடிச்சிக்கினு கீது. ஆம்பள பேச்ச நம்ப மாட்டேன்னுது. நீ வந்து, 'இளமாறன வளத்த அண்ணி நான்தான், எங்க வூட்டுப் புள்ளயே இதுல கையெழுத்து போட்டுச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. எங்க போடணும்னு வெரல வெச்சிக் காட்டு. போதும்."

கலையரசியின் கை அப்படியே நின்றுவிட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். விரலை வைத்துக் காட்டவேண்டுமாமே!

"அங்கதான தம்பி கீது..." என்றாள் மெதுவாக.

"அவன்தான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கறான். அவன் கெழங்குக் காட்டுக்குப் போற நேரமாப் பாத்துப் போயிட்டு வந்துடலாம்."

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமியார் சாலம்மாள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"போடி, போ! என் சின்ன மவன் கண்ணையே வித்தவதான நீ? இன்னொருத்தி பெத்த புள்ளய விக்கறதுக்கு உனக்கு இன்னா வெக்கம்?"

கலையரசி கணவனைப் பார்த்தாள். இப்போதாவது... ஒரே ஒரு வார்த்தை... "அவ இல்லம்மா, நான்" என்று சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? தமிழழகன் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்குச் செல்போனில் ஏதாவது தேட வேண்டியிருந்தது.

"சரி, வரேன்" என்றாள் கலையரசி.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டான், பாவி!

அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கொழுந்தன் இளமாறனுக்கு ஒன்பது. அந்த வருடமே மாமனார் போய்விட்டார். மாமியார் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு மாதக் கணக்கில் வெளியூர் போய்விடுவாள். பையனுக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் போய்த் தலைகுனிந்து நின்றது எல்லாம் கலையரசிதான். அவளுக்கென்று ஒரு குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு ஞாபகம் வராத அளவுக்கு அவன் அவளைப் படுத்தி எடுத்தான்.

கபடி ஆடியவன் மல்யுத்தத்துக்குப் போனான், அங்கிருந்து சென்னைக்குப் போய்க் கூண்டுக்குள் இறங்கினான். கம்பெனியோடு ஒப்பந்தம் பேசி முடித்தது அண்ணன் தமிழழகன். நான்கு சண்டைக்கு ஒப்பந்தம். மாதச் சம்பளம் கிடையாது, சண்டை போட்டால்தான் கூலி. சண்டையை எப்போது வைப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். வைக்காத நாளில் வேறு எங்கும் போய்ச் சண்டை போடக் கூடாது, யாருக்கும் காசு வாங்கிப் பயிற்சி கொடுக்கக் கூடாது. 'என் நிலத்தில் வேலையில்லாத நாளில் அடுத்தவன் நிலத்துக்குப் போகாதே' என்று களையெடுக்கும் ஆளைப் பார்த்து இந்தக் காலத்தில் எந்த நிலக்காரராவது சொல்ல முடியுமா? கம்பெனி சொன்னது. எழுதியும் வாங்கிக்கொண்டது.

ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஐந்தே நாளில் ஏழு கிலோ எடையைக் குறைக்க வேண்டும். சோறு கிடையாது. கடைசி நாள் தண்ணீரும் கிடையாது. அப்போதெல்லாம் போன் பண்ணுவான்.

"அண்ணி... கொடத்துலேர்ந்து சொம்புல தண்ணிய ஊத்து அண்ணி. சத்தம் மட்டும் கேட்டுக்கறேன்..."

அவள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடத்திலிருந்து தண்ணீரைச் செம்பில் ஊற்றுவாள். திரும்பக் குடத்தில் ஊற்றுவாள். மறுபடியும் செம்பில். அழுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு சண்டை. மூன்றாவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, கம்பெனியின் முகாமிலேயே, பயிற்சியில் எதிரே நின்றவனின் விரல் இளமாறனின் வலது கண்ணுக்குள் போய்விட்டது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்றார்கள். 'பயிற்சியில் பட்ட காயத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. அவர் எங்கள் தொழிலாளி அல்ல, தனி ஒப்பந்தக்காரர்' என்று கம்பெனி கையை விரித்தது. வெள்ளையடிக்க வந்த ஆள் ஏணியிலிருந்து விழுந்தாலும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்காவது தூக்கிக்கொண்டு ஓடுவார்!

புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் காற்றை ஏற்றி அனுப்பினார்கள். பதினைந்து நாள் முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும், படுத்தாலும் குப்புறத்தான். கலையரசி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கீழேயிருந்து கையை நீட்டி அவனுக்குச் சோறு ஊட்டினாள்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள்தான் தமிழழகன் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தான்.

"கலை, கம்பெனிக்காரரு பெரிய மனசு பண்ணி ரிலீஸ் குடுக்கறாரு. தம்பிய விட்டுடறாங்களாம். இனிமே எங்க வேணாலும் வேல செய்யலாம். ஒப்பந்தம் பேசினதுலேர்ந்து அவனுக்கு எம்மேல கோவம், நான் குடுத்தா தொட மாட்டான். நீ குடு."

அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முறத்தின் மேல் பேப்பரை விரித்து, கட்டிலுக்குக் கீழே அவன் முகத்துக்கு நேராகத் தள்ளினாள்.

"இன்னா அண்ணி இது?"

"ரிலீஸ் தம்பி! கம்பெனி உன்ன விட்டுடுச்சி!"

"நெஜமாவா? எங்க போடணும்?"

"இங்க... இங்க... அப்பறம் இங்க."

அவள் விரல் வைத்த மூன்று இடத்திலும் அவன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். "நீ சொன்னா போதும் அண்ணி" என்று குப்புறப் படுத்தபடியே சிரித்தான்.

மூன்று மாதம் கழிந்தது. வலது கண்ணில் நிழல் மட்டும்தான் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜிம்மில் பயிற்சியாளர் வேலை கிடைத்து இளமாறன் சேர்ந்தான். ஒரே வாரத்தில் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பாக்கி இரண்டு சண்டை முடியும்வரை ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறதாம். அவன் படுத்துக் கிடந்த நாட்களும் ஒப்பந்தக் காலத்தோடு கூடிக்கொள்ளுமாம். கண்ணுக்காக அவன் இனி எந்தக் காலத்திலும் கம்பெனியைக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். நோட்டீஸோடு அந்தப் பேப்பரின் நகலும் இருந்தது. ஜிம்காரர் படித்து அர்த்தம் சொல்லி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான் இளமாறன். 

"யாரு குடுத்தது அண்ணி இத உன்கிட்ட?"

கலையரசி கணவனைப் பார்த்தாள். தமிழழகன் தரையைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"நான் அன்னிக்கி ஊர்லயே இல்லப்பா."

அடப்பாவி மனுஷா! அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இளமாறனின் வலது கை மெல்ல மடங்கியது. அந்தக் கை எதிராளியின் தாடையை உடைத்ததை ஊரே போனில் போட்டுப் பார்த்திருக்கிறது. பார்க்க மாட்டேன் என்று ஓடிய கலையரசியையும் பிடித்து உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு பிணம் விழும், இன்னொருவன் ஜெயிலுக்குப் போவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரும் குடுக்கல தம்பி. கம்பெனிக்காரரு வந்தாரு. நான்தான் வாங்கினேன்."

"தெரிஞ்சிதான் குடுத்தீங்களா?"

பதினைந்து வருடத்தில் அவன் அவளை 'நீங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான். தெரியாது என்று சொன்னால், ரிலீஸ் என்று சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். அவள் பேசவில்லை. அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினான். கிழங்குக் காட்டில் கூலி வேலை, மீதி நேரத்தில் காசு வாங்காமல் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி. வீட்டுப் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

அன்று சாயங்காலம் தமிழழகன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தெரிஞ்சேதான் செஞ்சேன் கலை... கம்பெனிக்காரரு வேல போட்டுத் தரேன்னாரு... புத்தி கெட்டுப் போயிட்டேன்..." அவளும் அழுதாள். திருந்திவிட்டான் என்று நம்பினாள். அடுத்த மாதம் கறுப்பு டி-ஷர்ட் வந்தது.

சங்கராபுரத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே அப்சானா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இளமாறன் வீசிவிட்டுப் போன நகலை எடுத்துக்கொண்டு கலையரசி அவளிடம் போனாள். அப்சானா ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, இது உங்க தம்பிய ரிலீஸ் பண்றதில்ல. உங்க தம்பி கம்பெனிய ரிலீஸ் பண்றது. ரிலீஸ்னா விடறவங்கதான கையெழுத்து போடுவாங்க? கம்பெனி எங்கயாச்சும் போட்டுருக்கா பாருங்க."

கலையரசி எதிரே இருந்த ரிஜிஸ்டர் ஆபீஸைப் பார்த்தாள். அப்பா செத்த மறு வருடம், களமருதூர் நிலத்தில் தன் பாகத்தை விட்டு, இரண்டு அண்ணன்களுக்கும் அங்கேதான் ரிலீஸ் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டது அவள். நிலம் போனது அவளுக்கு. அண்ணன்கள் ஒரு சேலையும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தார்கள். இத்தனையும் தெரிந்தவள், கட்டிலுக்குக் கீழே பேப்பரை நீட்டியபோது எங்கே போயிருந்தாள்? கடை ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏமாத்தி வாங்கின கையெழுத்து செல்லாதுன்னு கேஸ் போடலாம் அக்கா. தாலுகா கோர்ட்டுல இலவச சட்ட உதவி கீது. ஆனா, யாரு ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்" என்றாள் அப்சானா.

தெரிந்தவள் ஒருத்திதான். அவள் சொல்ல வேண்டிய பெயரும் ஒன்றுதான். அதற்குத்தான் ஒரு வருடமாக அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பத்தரை. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. தமிழழகன் வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான்.

கண்ணகியின் அம்மா ஆயம்மாள் முற்றத்தில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, ஆனால் கண் கூர்மை. மகள் பின்னால் நின்றாள். தமிழழகனின் சட்டையைப் பார்த்ததுமே அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் கொல்லைப்பக்கமாக ஓடியதைக் கலையரசி கவனித்தாள். அவன் கவனிக்கவில்லை.

"இதாம்மா நான் சொன்னது. இளமாறன வளத்தவங்க. நீங்களே கேட்டுக்குங்க" என்று பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரித்தான் தமிழழகன். கடைசித் தாளின் தலைப்பில் அதே வார்த்தை. கலையரசிக்கு இங்கிலீஷில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இப்போது நன்றாக அடையாளம் தெரியும்.

"இது இன்னா தாளும்மா?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

"ரிலீஸ்மா. பயப்படாதீங்க, எப்ப வேணாலும் பொண்ண விட்டுடுவோம்னு அர்த்தம்" என்றான் அவன், கண் இமைக்காமல். "கலை, எங்க போடணும்னு காட்டு."

கலையரசி பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்க அப்பா நெலம் இன்னாச்சு?"

ஆயம்மாள் விழித்தாள். "அதா... அண்ணன் வந்து கேட்டான். ரிலீசு எழுதிக் குடுத்துட்டேன்."

"யாரு கைநாட்டு வெச்சது? நீங்களா, அண்ணனா?"

"நான்தான்."

"நெலம் யாருக்குப் போச்சு?"

"அண்ணனுக்கு..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள், தமிழழகனைப் பார்த்தாள்.

"அதேதான்க்கா இது! இதுல உங்க பொண்ணு கைய வெச்சா, அது கையோ கண்ணோ போனா, 'நீ யாரோ நான் யாரோ'ன்னு சொல்லுவாங்க. கம்பெனி நம்மள விடாது. நாமதான் கம்பெனிய விட்டுடறோம்!"

"ஏய்!" தமிழழகன் துள்ளி எழுந்தான். ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "பைத்தியமாடி உனக்கு? அன்னிக்கி கம்பெனி பேப்பர நான் உன் கையில குடுத்தப்போ பல்லக் காட்டிக்கினு வாங்கின இல்ல? இளமாறன்கிட்ட நீட்டுன்னு சொன்னா ஓடிப் போய் நீட்டின இல்ல? இன்னிக்கி இன்னாடி புதுசா சட்டம் பேசற?"

"நீ குடுத்தியா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. காட்டு மண் படிந்த காலோடு இளமாறன் நின்றிருந்தான். ஓடிப்போய்க் கூட்டிவந்த கண்ணகிக்கு மூச்சு வாங்கியது.

"அன்னிக்கி ஊர்லயே இல்லன்னு சொன்னியே... நீ குடுத்தியா?"

தமிழழகன் ஓரடி பின்னால் போனான். சொல்லிவிட்ட வார்த்தையை எங்கே போய்ப் பொறுக்குவது? "இல்லடா... அது வந்து..."

இளமாறன் ஒரே எட்டில் அண்ணனின் சட்டையைப் பிடித்தான். வலது கை பின்னால் போனது. கலையரசி நடுவில் பாய்ந்து இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி! இந்தக் கைக்குப் பயந்துதான் ஒரு வருஷமா உன் கோவத்தையும் உங்கம்மா ஏச்சையும் வாங்கிக்கினு கெடந்தேன். இப்ப நீ அடிச்சிட்டா நான் கெடந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் பூடும்!"

கை இறங்கியது. இளமாறன் அப்படியே அவள் காலடியில் சாமை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் அண்ணி சொல்லல? காசுக்கு என்ன வித்துட்டன்னு நெனச்சேனே... உன் போன் வந்தா கட் பண்ணிக்கினு இருந்தேனே... ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

அவன் அழுதால் அவளுக்குத் தாங்காது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஆயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"எம்மேலயும் தப்பு கீது தம்பி. பொய் சொன்னது அவரு. ஆனா வெரல வெச்சது நான். ரிலீஸ்னா இன்னான்னு தெரிஞ்சவ, யோசிக்காமப் பூட்டேன். உன் கண்ணுக்கு நானும்தான் பதில் சொல்லணும்." அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். "எழுந்திரு. கீழ போற பஸ் எத்தன மணிக்கு?"

"பன்னெண்டுக்கு ஒண்ணு கீது. எங்க அண்ணி?"

"சங்கராபுரம் கோர்ட்டுல இலவச வக்கீலு கீறாங்களாம். ஏமாத்தி வாங்கின கையெழுத்துன்னு எழுதிக் குடுப்போம். யாரு ஏமாத்தினாங்கன்னு நான் சொல்றேன்."

தமிழழகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கலை... என் பேரச் சொல்லப் போறியா? கட்டின புருஷன் மேல கோர்ட்டுல சாட்சி சொல்லுவியா? நான் உன் புருஷன்டி!"

"அதனாலதான் ஒரு வருஷம் வாயத் தொறக்கல."

அவன் அவள் கையைப் பிடித்தான். அழுதான். அன்று அவள் காலைப் பிடித்து அழுத அதே அழுகைதான், ஒரு சொட்டு கூடவோ குறையவோ இல்லை. கலையரசி கோபப்படாமல் கையை விடுவித்துக்கொண்டாள். இளமாறன் போனை எடுத்து அம்மாவுக்குப் பேசினான். "அம்மா... அண்ணி இல்லம்மா... அண்ணன்..." என்றான். அந்தப் பக்கம் சாலம்மாள், "அவளாண்ட குடு" என்றாள். கலையரசி வாங்கிக் காதில் வைத்தாள். "ஏம்மா..." என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு கிழவியின் விம்மல்தான் கேட்டது. "இருங்க அத்தை, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணி பஸ் வந்தது. இளமாறன் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தான். படியில் கால் வைத்தவளைத் தமிழழகன் கூப்பிட்டான்.

"வூட்டுக்கு வருவியா... மாட்டியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ!"

கலையரசி திரும்பி நின்றாள்.

"வருவேன். தம்பியும் வரும். அத்தையும் நாங்களும் இருக்கற வூடு அது. நீங்க எங்க போறதுன்னு யோசிச்சிக்குங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் உள்ளே போய்க் கொழுந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் முதல் வளைவில் இறங்கியது.